டெக்சாஸ்ல வேணும், அரிசோனால வேணாம்: என்பி கையெழுத்து விவகாரம், கொஞ்சம் நீளமான பதில்

கேள்வி என்னன்னு மத்தவங்களுக்கும் தெரியணும்ல, முதல்ல அத சொல்லிடறேன். ஊர்ல நர்ஸிங் முடிச்சுட்டு டல்லாஸ் பக்கம் ஆறு வருஷமா ஆர்என்னா, அதாவது ரெஜிஸ்டர்டு நர்ஸா இருக்கற ஒரு தங்கச்சி, இப்போ எஃப்என்பி, அதான் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு முடிக்கப் போறா (நர்ஸ் பிராக்டிஷனர், சுருக்கமா என்பின்னா, மேல்படிப்பு படிச்சு நோய் பார்த்து மருந்தும் எழுதற நர்ஸ்). வீட்டுக்காரருக்கு ஃபீனிக்ஸ்ல வேலை கெடைச்சிருக்கு. "அக்கா, அரிசோனா போனா டாக்டர் கையெழுத்தே இல்லாம சொந்தமா கிளினிக் போடலாமாமே, டெக்சாஸ்ல ஏன் முடியாது? ஒரே படிப்பு, ஒரே போர்டு பரீட்சை, நடுவுல நியூ மெக்சிகோ ஒண்ணுதானே இருக்கு. கலிஃபோர்னியா புளோரிடால எல்லாம் எப்படி?"ன்னு கேட்டிருக்கா.

நீ கேள்விப்பட்டது நெஜம்தாம்மா. நான் டெக்சாஸ்ல நாலு வருஷம் என்பியா இருந்துட்டு அரிசோனா வந்தவ, ரெண்டு பக்கமும் பார்த்தாச்சு. ஆனா "சொந்தமா கிளினிக் போடலாம்"ங்கற அந்த ஒரு வரிய மட்டும் நம்பி வண்டி ஏறாத, அதுக்குள்ள பொடி எழுத்துல நெறைய இருக்கு.

டெக்சாஸ்ல என்கிட்ட ஒரு பெரியவர் வருவார், எழுபது தாண்டினவர், பிரஷர் சுகர் ரெண்டும் உண்டு. மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து உக்காந்து மாத்திரை டப்பாவெல்லாம் பைல இருந்து எடுத்து மேஜை மேல வரிசையா அடுக்குவார், பேத்தி கல்யாணக் கதையெல்லாம் அப்போதான் நடக்கும். ஒரு நாள் ஒரு டப்பாவத் திருப்பி லேபிளக் காட்டி, "உன் பேரு இருக்கு சரி, கூடவே இன்னொரு பேரு இருக்கே, யாரு இவரு, நான் பார்த்ததே இல்லையே"ன்னு கேட்டார். அவர்தான் எனக்கு அக்ரிமென்ட் போட்ட டாக்டர். நாங்க இருந்த எடத்துல இருந்து கார்ல நாப்பது நிமிஷம், வேற கிளினிக். அந்தப் பெரியவர அவர் ஒரு தடவ கூட பார்த்ததில்ல, பார்க்கணும்னு சட்டமும் சொல்லல, ஆனா நான் எழுதற பிரிஸ்கிரிப்ஷன்ல அவர் பேரு, அட்ரஸ், போன் நம்பர் இருந்தே ஆகணும். பெரியவர்கிட்ட "அவர்தான் எனக்கு பர்மிஷன் குடுத்திருக்கார்"னு சொன்னேன். "அப்போ அவரு என்ன பண்ணுவாரு?"ன்னார். நான் சிரிச்சு சமாளிச்சுட்டேன், ஆனா அந்தக் கேள்வி ரொம்ப நாள் மனசுல ஓடிட்டே இருந்துச்சு.

டெக்சாஸ்ல இப்போ ஓடற முறை 2013ல வந்த சட்டம். அதுக்கு முன்னாடி டாக்டர் இத்தனை சதவீதம் நேரம் கிளினிக்குக்கு நேர்ல வரணும், இத்தனை சார்ட்ல கையெழுத்து போடணும்னு எடத்தப் பொறுத்து ஒவ்வொரு கணக்கு இருந்துச்சு, அத எடுத்துட்டு பிரிஸ்கிரிப்டிவ் அத்தாரிட்டி அக்ரிமென்ட்னு ஒரு ஒப்பந்தம் கொண்டு வந்தாங்க. ஒரு டாக்டர் ஏழு ஃபுல் டைம் ஆள் வரைக்கும் இப்படி அக்ரிமென்ட் போட்டுக்கலாம் (ஆஸ்பத்திரிக்கும் டாக்டர் இல்லாத ஏழை ஏரியாவுக்கும் அந்தக் கணக்கு கெடையாது). மாசம் ஒரு மீட்டிங், கொஞ்சம் சார்ட் ரிவியூ, அவ்ளோதான். மீட்டிங் போன்லயும் வீடியோலயும் கூட நடக்கலாம். எங்களுக்கு பெரும்பாலும் இருபது நிமிஷம், அதுல பத்து நிமிஷம் அவரோட பையன் பேஸ்பால் கதை. நல்ல மனுஷன், தப்பா சொல்ல மாட்டேன், ஏதாவது சந்தேகம்னு ராத்திரி போன் பண்ணா கூட எடுப்பார். ஆனா சந்தேகம்னா போன் பண்ணிக் கேக்கறது எந்த ஸ்டேட்ல இருந்தாலும் பண்றதுதானே, அரிசோனாலயும் நான் கார்டியாலஜிஸ்ட்டுக்கு போன் போடறேன், அதுக்கு எந்தச் சட்டமும் என்ன தள்ளல.

அந்தக் காகிதத்துக்கு மாசாமாசம் காசு. எங்க கிளினிக் குடுத்தது ஒரு சின்ன அபார்ட்மென்ட் வாடகை அளவுக்கு இருக்கும்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை அந்த டாக்டருக்கு ஹார்ட் அட்டாக். பொழச்சுட்டார், ஆனா இனிமே வேலை கெடையாதுன்னு வீட்ல முடிவு பண்ணிட்டாங்க. அக்ரிமென்ட்ல மாத்து டாக்டர்னு இன்னொருத்தர் பேர சேர்த்து வச்சுக்கலாம்னு சட்டத்துலயே எடம் இருக்கு, எங்க கிளினிக் நடத்தினவங்க அத எழுதாம விட்டுட்டாங்க. வெள்ளிக்கிழமை காலைல நான் அதே ரூம்ல, அதே ஸ்டெதஸ்கோப்போட, அதே மூளையோட உக்காந்திருக்கேன், ஒரு பாராசிட்டமால தாண்டி எதையும் எழுத முடியாது. ரிசப்ஷன்ல இருந்த பொண்ணும் நானும் மத்தியானம் வரைக்கும் போன் பண்ணி பேஷன்ட்ஸ வராதீங்கன்னு சொல்லிட்டே இருந்தோம். இன்சுலின் ரீஃபில் வேணுங்கறவங்கள அர்ஜன்ட் கேருக்குப் போங்கன்னு அனுப்பினோம். புது டாக்டர் கெடைக்க பதினெட்டு நாள் ஆச்சு. நான் அரிசோனா வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, ஏன் ஸ்டேட்டுக்கு ஸ்டேட் இப்படி மாறுது? அமெரிக்கால தொழில் லைசென்ஸ் குடுக்கறது ஸ்டேட்டோட அதிகாரம். 1889லயே டென்ட்டுனு ஒருத்தர் வெஸ்ட் வர்ஜீனியா மேல போட்ட கேஸ்ல, டாக்டருக்கு லைசென்ஸ் வேணும்னு சொல்ல ஸ்டேட்டுக்கு உரிமை உண்டுன்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு குடுத்தாச்சு. அந்தக் காலத்துல ஒவ்வொரு ஸ்டேட்டும் எழுதின மருத்துவச் சட்டத்துல, நோய் கண்டுபிடிக்கறது, மருந்து குடுக்கறது, வெட்டறது, தைக்கறது எல்லாமே டாக்டர் வேலைன்னு மொத்தமா எழுதி வச்சுட்டாங்க. நம்ம ஊர்ல முதல்ல வந்தவன் மேய்ச்சல் நிலத்தையும் சேர்த்து பட்டா போட்டுக்கிட்ட மாதிரி. அப்புறமா வந்த எல்லாரும், நர்ஸு, மிட்வைஃப், பார்மசிஸ்ட், கண்ணாடிக்குப் பவர் பார்க்கறவங்க, ஆளாளுக்கு சட்டசபைல போய் நின்னு எங்களுக்கு ஒரு மூலை உட்பிரிவு பண்ணிக் குடுங்கன்னு கேக்க வேண்டியதாச்சு. இன்னைக்கு வரைக்கும் நடக்கற சண்டை அந்த உட்பிரிவு சண்டைதான்.

என்பிங்கற வேலையே 1965ல கொலராடோ யுனிவர்சிட்டில ஆரம்பிச்சது, லொரெட்டா ஃபோர்டுன்னு ஒரு நர்ஸும் ஹென்றி சில்வர்னு ஒரு குழந்தை டாக்டரும் சேர்ந்து கொண்டு வந்தாங்க. கிராமத்துல குழந்தைகளப் பார்க்க டாக்டர் இல்ல, அனுபவம் உள்ள நர்ஸுக்கு இன்னும் கொஞ்சம் படிப்பு குடுத்தா போதும்ங்கறது அவங்க கணக்கு. அந்தம்மா 104 வயசு வரைக்கும் இருந்து 2025 ஜனவரிலதான் போனாங்க. வயசானவங்களுக்கு மெடிகேர், ஏழைங்களுக்கு மெடிகெய்ட்னு அரசு இன்சூரன்ஸ் சட்டம் வந்ததும் அதே 1965தான், திடீர்னு கோடிக்கணக்கான பேருக்கு இன்சூரன்ஸ், பார்க்க ஆள் இல்ல. 1971ல ஐடஹோ ஸ்டேட் முதல்ல, நர்ஸ் நோய் கண்டுபிடிச்சு வைத்தியம் பண்ணலாம்னு சட்டத்துல எழுதிச்சு. கடைசியா வந்தது ஜார்ஜியா, அங்க என்பிக்கு மருந்து எழுத அனுமதி வந்ததே 2006லதான். ஆக ஐடஹோல வைத்தியம் பண்ணலாம்னு ஆகி 35 வருஷம் கழிச்சு ஜார்ஜியால மருந்து எழுதலாம்னு ஆச்சு, ரெண்டு ஊர்லயும் பிரஷர் ஒரே பிரஷர்தான்.

இப்போ நெலவரத்த மூணா பிரிச்சு சொல்லுவாங்க. ஃபுல் பிராக்டிஸ்னா பார்க்கறது, டெஸ்ட் எழுதறது, மருந்து எழுதறது எல்லாமே நர்ஸிங் போர்டு லைசென்ஸ்லயே அடங்கிடும். ரெட்யூஸ்டுன்னா ஏதோ ஒரு விஷயத்துக்கு டாக்டரோட ஒப்பந்தம் வேணும். ரெஸ்ட்ரிக்டட்னா வேலை முழுக்க டாக்டரோட சூப்பர்விஷன் இல்ல டெலிகேஷன்ல நடக்கணும், டெக்சாஸ் இதுல வரும். 2024 வரைக்கும் 27 ஸ்டேட்டும் வாஷிங்டன் டிசியும் ஃபுல் பக்கம் இருந்துச்சு, 2025 ஆகஸ்ட்ல விஸ்கான்சின்லயும் கவர்னர் எவர்ஸ் கையெழுத்து போட்டார், முன்னாடி இதே மாதிரி மசோதாவ வீட்டோ பண்ணவரும் அவரேதான்.

ஆனா "ஃபுல்"ங்கற ஒரே வார்த்தைக்குள்ள ரெண்டு ஜாதி இருக்கு, இங்கதான் நெறைய பேர் ஏமாறறாங்க. அரிசோனா, நியூ மெக்சிகோ, வாஷிங்டன், ஓரிகன் மாதிரி எடத்துல லைசென்ஸ் வந்த அன்னைக்கே நீ தனி ஆள். இன்னொரு கூட்டம், முதல்ல இத்தனை மணி நேரம் யாராவது கூட இருந்து பாரு, அப்புறம் விடறோம்ங்கற கூட்டம். மின்னசோட்டால 2,080 மணி, நெப்ராஸ்கால 2,000, நியூயார்க்ல 3,600, இல்லினாய்ல 4,000 மணியும் அதுக்கு மேல 250 மணி நேரம் தனி படிப்பும். சவுத் டகோட்டால 1,040 தான். இந்த நம்பரெல்லாம் ஏதோ ஆராய்ச்சி பண்ணி வந்ததுன்னு நெனைக்காத. எல்லாம் கமிட்டி ரூம்ல ஒருத்தர் அஞ்சாயிரம்னு சொல்ல இன்னொருத்தர் ஆயிரம்னு சொல்ல, சந்தைல கத்திரிக்காய்க்குப் பேசற மாதிரி பேசி நடுவுல வந்து நிக்கறது. வர்ஜீனியாவப் பாரு, 2018ல அஞ்சு வருஷம்னாங்க, கொரோனா சமயத்துல ரெண்டுன்னு குறைச்சாங்க, 2024ல மூணுன்னு நிறுத்தினாங்க. எந்த வருஷத்துல அந்த நர்ஸோட மூளை மாறிச்சுன்னு யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.

நெப்ராஸ்கா கதை எனக்குப் பிடிச்சது. 2014ல சட்டசபைல பாஸ் ஆகி போச்சு, கவர்னர் ஹைன்மன் வீட்டோ பண்ணிட்டார். அடுத்த வருஷம் புது கவர்னர் ரிக்கெட்ஸ் அதே விஷயத்துக்குக் கையெழுத்து போட்டார். அதுவரைக்கும் ஒமாஹால வேலை பார்க்கற என்பிக்கு ஒப்பந்தம் வேணும், மிசோரி ஆத்துப் பாலத்தத் தாண்டி கவுன்சில் பிளஃப்ஸ் போனா அது ஐயோவா, அங்க வேணாம். பாலத்துல பத்து நிமிஷம் ஓட்டினா டாக்டர் தேவையில்லாம போயிடுவார்! மேற்கு நெப்ராஸ்கால மைல் கணக்குல சோளக்காடு, அங்க கையெழுத்து போட டாக்டரத் தேடி அலையறது எப்படின்னு நீயே யோசிச்சுக்கோ.

கலிஃபோர்னியா கேட்டல்ல, அது பெரிய தலைவலி. ஜிம் வுட்னு ஒரு எம்எல்ஏ, தொழில் பல் டாக்டர், அவர் கொண்டு வந்த ஏபி 890க்கு 2020 செப்டம்பர்ல கவர்னர் நியூசம் கையெழுத்து போட்டார். ரெண்டு படி வச்சாங்க. முதல் படி 103 என்பி: மூணு வருஷம் இல்ல 4,600 மணி நேரம் முடிக்கணும், அதுக்கப்புறம் எழுதி வச்ச புரோட்டோகால் இல்லாம வேலை பார்க்கலாம், ஆனா அந்த எடத்துல ஒரு டாக்டராவது வேலை பார்க்கணும், குரூப் கிளினிக்கோ ஆஸ்பத்திரியோ. ரெண்டாவது படி 104 என்பி: 103ஆ இன்னும் மூணு வருஷம் ஓட்டினா, அப்புறம்தான் தனிக் கடை. 103க்கு விண்ணப்பமே 2023ல தான் தொறந்துச்சு, ஆக முதல் 104 ஆளுங்க வெளிய வர 2026 ஆயிடுச்சு, சட்டம் பாஸ் ஆகி அஞ்சு வருஷத்துக்கு மேல. அந்த 4,600 மணியும் கலிஃபோர்னியாவுக்குள்ள பார்த்ததா இருக்கணும், டெக்சாஸ்ல நீ எவ்ளோ பார்த்திருந்தாலும் அங்க அது கணக்குல வராது. அதனால "பிறகு பே ஏரியா போயிடலாம்"னு பிளான் இருந்தா இப்பவே யோசி. அந்த 103, 104ங்கறது வேற ஒண்ணும் இல்ல, சட்டப் பிரிவோட நம்பர் வால். ஆளுக்கு செக்‌ஷன் நம்பர பேரா வச்ச ஒரே ஸ்டேட் இதுவாத்தான் இருக்கும்.

புளோரிடா 2020 மார்ச்ல, கொரோனா வாசல்ல வந்து நிக்கறப்போ பாஸ் பண்ணிச்சு. அத தூக்கிட்டுப் போனவர் கேரி பிக்மன்னு ஒரு எம்எல்ஏ, அவரே எமர்ஜென்சி டாக்டர், சக டாக்டருங்ககிட்ட எவ்ளோ திட்டு வாங்கியிருப்பார்னு நெனைச்சுப் பாரு. 3,000 மணி நேரம், அதுவும் கடைசி அஞ்சு வருஷத்துக்குள்ள. குடும்ப மருத்துவம், குழந்தை, பொது மருத்துவம் மாதிரி பிரைமரி கேருக்கு மட்டும்தான். சைக்கியாட்ரி என்பிய வெளிய விட்டுட்டாங்க. மனநல டாக்டருக்கு மூணு நாலு மாசம் காத்திருக்கற ஊர்ல அவங்களத்தான் முதல்ல சேர்த்திருக்கணும், என்ன லாஜிக்கோ. நீ எஃப்என்பிங்கறதால உனக்கு அது பாதிப்பில்ல.

பென்சில்வேனியா பத்தி ஒரே வரி: அங்க ஒரு டாக்டர் பத்தாது, ரெண்டு டாக்டரோட ஒப்பந்தம் வேணும். அந்தப் பக்கம் போகாத.

இப்போ உனக்குக் கைல படற விஷயம். டெக்சாஸ்ல நீ கிளினிக்ல உக்காந்து ஷெட்யூல் ரெண்டு மருந்து, அதாவது பழக்கமாயிடும்னு மத்திய அரசு கடுமையா கட்டுப்படுத்தற மருந்து எழுத முடியாது, ஆஸ்பத்திரிலயும் ஹாஸ்பிஸ்லயும் (கடைசிக் காலத்துல இருக்கறவங்களப் பார்த்துக்கற எடம்) மட்டும்தான். இது வலி மாத்திரை சமாச்சாரம்னு நெனைச்சுடாத. ஸ்கூல்ல ஒரு எடத்துல உக்கார முடியாத ஏடிஎச்டி பையன், அவனுக்குக் குடுக்கற மெத்தில்ஃபெனிடேட்டும் ஷெட்யூல் ரெண்டுதான். அம்மாவும் பையனும் ஒரு மணி நேரம் உக்காந்து பேசி, டீச்சர் எழுதின ஃபார்மெல்லாம் நான் படிச்சு, என்னனு முடிவு பண்ணி, அப்புறம் "மருந்து மட்டும் வேற ஒருத்தர்கிட்ட போய் வாங்கிக்கோங்க"ன்னு அனுப்பணும். இருமல் மருந்துலயும் வலி மாத்திரைலயும் வர்ற ஹைட்ரோகோடோன 2014 அக்டோபர்ல மத்திய அரசு மூணுல இருந்து ரெண்டாவது ஷெட்யூலுக்கு மாத்தினப்போ, டெக்சாஸ் கிளினிக்ல இருந்த அத்தனை என்பிக்கும் ஒரே ராத்திரில அது கைய விட்டுப் போச்சு. அரிசோனால இந்தத் தொல்லை இல்ல, உன் டிஇஏ நம்பர்லயே (இந்த மாதிரி மருந்து எழுத மத்திய அரசு குடுக்கற பதிவு நம்பர்) எழுதலாம்.

இன்னொரு வேடிக்கை. டெக்சாஸ்லயே, பட்டாளத்துல இருந்து வந்தவங்களுக்காக மத்திய அரசு நடத்தற வெட்டரன்ஸ் ஆஸ்பத்திரிக்குள்ள வேலை பார்த்தா கதை வேற, 2016 டிசம்பர்ல வந்த மத்திய அரசு விதிப்படி அங்க என்பிக்கு டாக்டர் சூப்பர்விஷன் இல்லாம முழு அதிகாரம் குடுக்கலாம், ஸ்டேட் சட்டம் என்ன சொன்னாலும். கன்ட்ரோல்டு மருந்துக்கு மட்டும் ஸ்டேட் லைசென்ஸ் என்ன அனுமதிக்குதோ அதுதான். மயக்க மருந்து குடுக்கற சிஆர்என்ஏ நர்ஸுங்கள அந்த விதில சேர்க்காம விட்டுட்டாங்க, அது தனிச் சண்டை, அதுக்குள்ள போனா இன்னைக்கு முடியாது. ஆக பட்டாளத்துல இருந்து வந்தவருக்கு காம்பவுண்டுக்குள்ள நான் தனியா வைத்தியம் பார்க்கலாம், அவரே ரோடு தாண்டி வெளிய கிளினிக்குக்கு வந்தா நான் தனியா பார்க்கக் கூடாது.

எதிர்ப்பக்கம் சொல்றதையும் சொல்லணும், நம்ம ஆளுங்க சில பேர் அத காதுலயே போட்டுக்க மாட்டாங்க. அமெரிக்க மருத்துவ சங்கம் இத "ஸ்கோப் க்ரீப்", அதாவது கொஞ்சம் கொஞ்சமா டாக்டர் வேலைக்குள்ள நுழையறதுன்னு சொல்லி ஸ்டேட் ஸ்டேட்டா எதிர்க்குது. அவங்களோட பெரிய ஆயுதம் மணிக்கணக்கு: டாக்டர் மெடிக்கல் ஸ்கூலும் ரெசிடென்சியும் சேர்த்து பத்தாயிரம் மணிக்கு மேல பேஷன்ட் பார்த்துட்டு வர்றார், என்பி படிப்புல குறைஞ்சபட்சம் 500ன்னு இருந்து 2022ல தான் 750ன்னு ஆக்கினாங்க. இது பொய் இல்ல. முன்னாடி என்பி படிக்க வந்தவங்க பத்து பதினஞ்சு வருஷம் வார்டுல நின்ன நர்ஸுங்க, அந்த அனுபவம் மேல இந்த 500 ஏறிச்சு. இப்போ ஆர்என் வேலையே சரியா பார்க்காம நேரா ஆன்லைன்ல சேர்ந்து, கிளினிக்கல் கத்துக்குடுக்க ஆளத் தானே தேடி, காசு குடுத்து மணி நேரம் முடிச்சுட்டு வர்றவங்களும் இருக்காங்க. அப்படி வந்த ஒரு பொண்ணு என்கிட்ட ஷேடோ பண்ண வந்தா, ஈசிஜி பேப்பர தலைகீழா பிடிச்சிருந்தா. சிரிக்கக் கூடாது, அவள அப்படி அனுப்பினது அந்த ஸ்கூலோட தப்பு.

ஆராய்ச்சி ரெண்டு பக்கமும் இருக்கு. 2000ல கொலம்பியா யுனிவர்சிட்டி ஆளுங்க 1,316 பேஷன்ட்டுகள குலுக்கல் முறைல டாக்டர்கிட்ட கொஞ்சம் பேர், என்பிகிட்ட கொஞ்சம் பேர்னு அனுப்பிப் பார்த்தாங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி அதிகாரம், ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா உடம்பு நெலமைல சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்ல. நம்ம ஆளுங்க எல்லாரும் இத சட்டைப்பைல வச்சுட்டுதான் சுத்துவாங்க. ஆனா 2022ல சான், சென்னு ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளருங்க வெட்டரன்ஸ் ஆஸ்பத்திரி எமர்ஜென்சிகள எடுத்துப் பார்த்து, என்பி பார்த்த கேஸ்ல பேஷன்ட் உள்ள இருக்கற நேரம் 11 சதவீதம் கூடுது, தடுத்திருக்கக்கூடிய அட்மிஷன் 20 சதவீதம் கூடுதுன்னு எழுதினாங்க. அதே பேப்பர்லயே டாக்டருக்கு டாக்டர், என்பிக்கு என்பி வித்தியாசம் ரொம்பப் பெருசு, சில என்பிங்க சில டாக்டருங்கள விட நல்லாவே பண்றாங்கன்னும் இருக்கு, அத ரெண்டு கட்சியும் படிக்கறதில்ல. என் கணக்குல இது ரெண்டும் சண்டை போடல. பிரஷர், சுகர், தைராய்டு, குழந்தை காய்ச்சல்னு தெரிஞ்சவங்கள திரும்பத் திரும்பப் பார்க்கற வேலை ஒண்ணு. யாரு என்னன்னே தெரியாம ஆம்புலன்ஸ்ல வந்து இறங்கறவங்களப் பார்க்கறது வேற. ரெண்டுக்கும் ஒரே சட்டம் எழுதறதுதான் கோளாறு.

போட்டி ஆணையமான எஃப்டிசி 2014ல ஒரு அறிக்கைல, தேவையில்லாத சூப்பர்விஷன் விதி போட்டியக் குறைக்குது, விலைய ஏத்துதுன்னு சொல்லிச்சு. தேசிய அகாடமியோட மருத்துவப் பிரிவு 2010லயே இந்தத் தடையெல்லாம் எடுங்கன்னு சொல்லியாச்சு. கொரோனா வந்தப்போ நியூயார்க் உள்பட பல ஸ்டேட்ல கவர்னருங்க ஒரே உத்தரவுல இந்த ஒப்பந்த விதிய நிறுத்தி வச்சாங்க, வானம் இடிஞ்சு விழல, அப்புறம் சில ஸ்டேட் அதையே சட்டமாக்கிச்சு, மாசசூசெட்ஸ்ல 2021 ஜனவரி 1 அன்னைக்கு கவர்னர் பேக்கர் கையெழுத்து போட்டார். சில ஸ்டேட் அவசரம் முடிஞ்சதும் பழைய பூட்டத் திரும்ப மாட்டிச்சு.

என்ன என் கட்சின்னு கேட்டா: முதல் ரெண்டு வருஷம் கூட ஒரு ஆள் இருக்கணும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. நானே முதல் வருஷம் பண்ணின ஒரு டோஸ் தப்ப பார்மசிஸ்ட் போன் பண்ணி பிடிச்சிருக்கார். ஆனா அந்த ஆள் அனுபவமுள்ள என்பியாவும் இருக்கலாம், அதே கட்டடத்துல இருக்கணும், நெஜமாவே கத்துக்குடுக்கணும். இருபது வருஷ சர்வீஸ் ஆனவங்களும் நாப்பது மைல் தள்ளி இருக்கற முகம் தெரியாதவர் பேர லேபிள்ல போடணும்ங்கறது பாதுகாப்புல சேராது, அது டோல்கேட். ரோடு போட்ட காசு என்னைக்கோ வசூல் ஆயிடுச்சு, கேட்ட மட்டும் எடுக்க மாட்டேங்கறாங்க.

என் மாமியார் ஊர்ல இருந்து வந்தப்போ "நர்ஸு எப்படிம்மா மருந்து எழுதலாம், கம்பவுண்டர் ஊசி போடற மாதிரியா"ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு சொன்னதையே உனக்கும் சொல்றேன், உன் சொந்தக்காரங்களும் கேப்பாங்க: தனி மாஸ்டர்ஸ் படிப்பு, தனி தேசியப் பரீட்சை, தனி லைசென்ஸ், தப்பு பண்ணினா கேஸ் என் பேர்ல.

இப்போ அரிசோனாவுக்கு வர்றியா, அங்கயும் சில கதவு மூடித்தான் இருக்கும்னு தெரிஞ்சுட்டு வா. ஸ்டேட் சட்டம் ஃபுல்னு சொன்னாலும் மெடிகேர் மத்திய அரசோடது. 1997ல வந்த சட்டப்படி என்பி நேரா பில் போடலாம், ஆனா டாக்டருக்கு குடுக்கறதுல 85 சதவீதம்தான் வரும். வாடகை, கரண்ட் பில், ரிசப்ஷன் சம்பளம் எதுலயும் உனக்கு 15 சதவீதம் தள்ளுபடி கெடைக்காது. ஹாஸ்பிஸ்ல ஒருத்தர நீ கவனிச்சுக்கலாம், ஆனா ஆறு மாசத்துக்கு மேல இருக்க மாட்டார்னு சர்டிஃபை பண்ண டாக்டர்தான் வேணும். எல்லாத்துக்கும் மேல அந்தச் செருப்பு விவகாரம். சுகர் பேஷன்ட்டுக்கு கால்ல புண்ணு வராம இருக்க ஸ்பெஷல் ஷூ மெடிகேர் குடுக்கும். இன்சுலின் நான் எழுதறேன், கால நான் பார்க்கறேன், உணர்ச்சி இருக்கான்னு நைலான் நூல வச்சு குத்திப் பார்க்கறதும் நான், ஆனா அந்த ஷூவுக்கு நான் சர்டிஃபை பண்ணக் கூடாது, சுகர கவனிச்சுக்கற டாக்டர்தான் பண்ணணும். சுகர கவனிச்சுக்கறது நான்தானே! அதனால அந்த பேஷன்ட்ட இதுக்காகவே ஒரு டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் போட்டு அனுப்பணும், அந்த விசிட்டுக்கும் மெடிகேர்தான் காசு கட்டுது.

தனியார் இன்சூரன்ஸ் சிலது தன்னோட நெட்வொர்க்ல சேர்க்க இன்னும் டாக்டர் பேரக் கேக்கும், ஆஸ்பத்திரிங்க தங்களோட பைலால சட்டத்த விட கடுமையா எழுதி வச்சிருக்கும், ரெண்டையும் லீஸ் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி கேட்டுடு. அப்புறம் ஃபுல் பிராக்டிஸ்னா எல்லாம் பண்ணலாம்னு அர்த்தம் இல்ல, நீ எஃப்என்பி, ஐசியூல போய் நிக்கறது உன் படிப்புல வராது, அத போர்டு கேக்கும்.

லைசென்ஸ் விஷயத்துல ஒரு குழப்பம் வரும், முன்னாடியே சொல்லிடறேன். உன் ஆர்என் லைசென்ஸ் காம்பாக்ட்ல (ஒரு ஸ்டேட் லைசென்ஸ் சேர்ந்த மத்த ஸ்டேட்லயும் செல்லும்ங்கற ஒப்பந்தம்) இருக்கு, டெக்சாஸ் அரிசோனா ரெண்டும் அதுல உண்டு, அதனால என்பியும் அப்படியே செல்லும்னு நெனைச்சு ஒருத்தி வேலைல சேர்ற தேதியே குறிச்சுட்டா. செல்லாது. என்பிக்குன்னு ஒரு காம்பாக்ட் காகிதத்துல இருக்கு, ஏழு ஸ்டேட் சேர்ந்தாதான் உயிர் வரும், இன்னும் அத்தனை சேரல. அரிசோனா போர்டுல என்பிக்கு தனியா அப்ளை பண்ணணும், மருந்து எழுத அதிகாரமும் அதுலயே கேக்கணும், டிஇஏ நம்பரும் அரிசோனா அட்ரஸ்ல வேணும்.

உடனே கிளினிக் போடாத. சட்டம் விட்டாலும் போடாத. ஒரு நல்ல கம்யூனிட்டி ஹெல்த் சென்டர்ல, பக்கத்து ரூம்ல டாக்டரோ பழைய என்பியோ இருக்கற எடத்துல ரெண்டு மூணு வருஷம் இரு. அங்க பார்க்கற மணி நேரத்த தேதி போட்டு எழுதி வச்சு, வருஷா வருஷம் அவங்ககிட்ட கையெழுத்து வாங்கி ஸ்கேன் பண்ணி வை. அரிசோனாவுக்கு அது தேவையில்ல, ஆனா வீட்டுக்காரருக்கு நாளைக்கு சிகாகோலயோ நியூயார்க்லயோ வேலை மாறினா அந்த ஊர் போர்டு முதல்ல கேக்கறதுல அதுவும் ஒண்ணா இருக்கும். என் டெக்சாஸ் நாலு வருஷத்துக்கு கையெழுத்து போட வேண்டிய மனுஷன நான் தேடிப் போறதுக்குள்ள அவர் வீட்ட வித்துட்டு எங்கயோ ஏரிக்கரைக்குப் போயிட்டார், நம்பரும் மாறிடுச்சு.